ஜிம் தோர்ப்: கோடையில் பேஸ்பால், குளிரில் ஃபுட்பால்

நீங்கள் கேட்டது இது: ஜிம் தோர்ப் 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர் என்று தெரியும். பிறகு பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால் இரண்டையும் சம்பளத்துக்கு ஆடினாராமே, ஒரே ஆளால் அது எப்படி முடிந்தது? ஃபுட்பாலில் பெரிய ஆள், பேஸ்பாலில் தேறவில்லை என்று சொல்வது சரியா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் தேறவில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அவரை முதல் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆட விட்ட பிறகு அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். நன்றாக ஆடத் தொடங்கிய ஆண்டே பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் அவருடைய கடைசி ஆண்டாகவும் ஆகிவிட்டது. எண்களோடு சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

தோர்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில், பிரேக் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். வா-தோ-ஹக் என்பது அவருடைய இனத்தார் வைத்த பெயர். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, அவர்களுடைய மொழியையும் வழக்கத்தையும் மறக்கடிப்பதற்காகவே அரசு நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஒன்று பென்சில்வேனியாவின் கார்லைல். தோர்ப் அங்கேதான் படித்தார். பாப் வார்னர் என்ற பயிற்சியாளர் அவரைத் தடகளத்துக்கும் ஃபுட்பாலுக்கும் தயார்செய்தார்.

அந்தப் பள்ளி மாணவராக இருந்த காலத்தில், 1909, 1910 ஆகிய இரண்டு கோடைகளில் அவர் வட கரோலினாவுக்குப் போனார். ராக்கி மவுன்ட், ஃபயட்வில் என்ற சிற்றூர் அணிகளுக்காகப் பேஸ்பால் ஆடினார். கிடைத்தது சொற்பக் காசு. கல்லூரிப் பையன்கள் பலர் அப்போது கோடையில் இப்படி ஆடுவது வழக்கம். அவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள், தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். அவருடைய வாழ்க்கையில் எல்லாக் கேடும் இந்த ஒரு நேர்மையிலிருந்து தொடங்கியது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

1912-ல் ஸ்டாக்ஹோமில் ஐந்து தடகளப் போட்டிகள் கொண்ட பென்டத்லான், பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லான் இரண்டிலும் அவருக்குத் தங்கம். 1913 ஜனவரியில் அவர் காசுக்குப் பேஸ்பால் ஆடிய செய்தி ஒரு பத்திரிகையில் வந்தது. ஒலிம்பிக் அப்போது அமெச்சூர்களுக்கு, அதாவது காசு வாங்காமல் ஆடுபவர்களுக்கு, மட்டுமே. ஆட்சேபணை இருந்தால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. ஆறு மாதம் கழிந்திருந்தும் பதக்கங்களைப் பறித்தார்கள். தான் ஒரு பள்ளிப் பையன், இந்த விவரமெல்லாம் தெரியாது, மற்றவர்கள் செய்ததைத்தான் செய்தேன், அவர்களைப் போலப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்று அவர் எழுதிய கடிதம் எடுபடவில்லை. 1982-ல் கூட்டு வெற்றியாளர் என்றும், 2022-ல்தான் தனி வெற்றியாளர் என்றும் ஒலிம்பிக் குழு திருத்திக்கொண்டது. அவர் இறந்ததோ 1953-ல்.

அமெச்சூர் பட்டம் போய்விட்டது. இனிக் காசுக்கு ஆடத் தடையில்லை. 1913 பிப்ரவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. மேலாளர் ஜான் மெக்ரா, அந்தக் காலத்தின் மிகக் கண்டிப்பான ஆள். உலகின் தலைசிறந்த தடகள வீரர் தன் அணியில் இருந்தால் டிக்கெட் விற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஜயண்ட்ஸ் தொடர்ந்து லீக் பட்டம் வென்றுகொண்டிருந்த அணி. கற்றுக்கொள்பவருக்கு அங்கே இடமில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பேட்டிங் சராசரி என்பது நம் கிரிக்கெட் சராசரி போன்றதில்லை. மட்டையோடு நின்ற ஆயிரம் முறையில் எத்தனை முறை பந்தை அடித்து, ஓடிச் சேர வேண்டிய இடமான பேஸை ஒழுங்காக எட்டினார் என்ற கணக்கு அது. அப்படி எட்டுவதுதான் ஹிட். .300 என்றால் மிக நன்று. அந்தக் காலத்தில் பந்து மென்மை, எல்லா பேஸையும் ஒரே அடியில் சுற்றிவரும் ஹோம் ரன் அரிது. லீக்கின் பொதுச் சராசரியே .250-ஐ ஒட்டித்தான் இருந்தது. இன்னொன்று, பிட்சர் வீசும் பந்து தரையில் படாமல் காற்றிலேயே வளைந்து வரும். அதைப் படிக்கக் கண் பழக வேண்டும். பழக்க ஒரே வழி, தினமும் நிஜ ஆட்டத்தில் அதை எதிர்கொள்வது. ஓட்டமும் உடல் பலமும் எவ்வளவு இருந்தாலும் இதற்கு மாற்றாகாது.

தோர்ப்புக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு கிடைத்தது? 1913-ல் 19 ஆட்டம், 1914-ல் 30, 1915-ல் 17. மூன்று ஆண்டுகளில் மொத்தம் 66 ஆட்டம், அதுவும் பெரும்பாலும் வேறொருவருக்குப் பதிலாக ஓடவோ கடைசி நேரத்தில் ஒருமுறை மட்டை பிடிக்கவோ. 1913-ல் மட்டை பிடித்தது 35 முறை, அடித்தது 5. சராசரி .143. கர்வ்பாலை, அதாவது வளைபந்தை, அடிக்கத் தெரியாதவர் என்ற முத்திரை இந்த எண்ணை வைத்துத்தான் விழுந்தது. 35 முறை மட்டுமே மட்டை பிடித்தவரைப் பற்றி வாழ்நாள் தீர்ப்பு சொல்வது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

அதே 1913-ன் இறுதியில் ஜயண்ட்ஸும் சிகாகோ வைட் சாக்ஸும் சேர்ந்து உலகச் சுற்றுப்பயணம் போனார்கள். அப்போதுதான் மணமான தோர்ப்பும் மனைவி ஐவாவும் உடன் சென்றனர். ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா வழியாக வந்த அந்தக் கப்பல் 1914 ஜனவரியில் கொழும்பையும் தொட்டது. பிறகு எகிப்து, இத்தாலி, பிரான்ஸ், கடைசியில் லண்டன். அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் ஆட்டம். போன இடங்களில் பேஸ்பால் வீரர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. தோர்ப்பின் பெயர் தெரியும். வீட்டில் பெஞ்சில் இருந்தவர் வெளிநாட்டில் அந்தப் பயணத்தின் முகமாக இருந்தார்.

ஜயண்ட்ஸில் அவருடைய அறைத்தோழர் ஜான் மெயர்ஸ், கவியா இனத்தைச் சேர்ந்தவர், மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர். பூர்வகுடி வீரர் யாராக இருந்தாலும் பத்திரிகைகள் ‘சீஃப்’ என்று அடைமொழி போடுவார்கள், இவருக்கும் அதுவே பெயரானது. ஒரு நள்ளிரவில் தோர்ப் தன்னை எழுப்பி, ஸ்வீடன் மன்னர் தன் கையால் கொடுத்ததைப் பறித்துவிட்டார்களே என்று கண்ணீர் வழியச் சொன்னதை மெயர்ஸ் முதுமையில் நினைவுகூர்ந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஆண்டுகளில் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி நமக்கு இல்லை.

இனி ஃபுட்பால். இரண்டு ஆட்டங்களையும் ஒருவரே எப்படி ஆட முடிந்தது என்ற உங்கள் கேள்விக்கு விடை பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பேஸ்பால் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும். ஃபுட்பால் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை. அன்றைய தொழில்முறை ஃபுட்பாலுக்கு நாடு தழுவிய லீக் கிடையாது. ஒஹாயோ, இண்டியானா, பென்சில்வேனியா மாநிலங்களின் ஆலை ஊர்கள் ஒவ்வொன்றும் ஓர் அணி வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. போன வாரம் ஓர் அணிக்கு ஆடியவர் இந்த வாரம் எதிரணியில் நிற்பார். கல்லூரிப் பயிற்சியாளர்கள்கூட பெயரை மறைத்துக்கொண்டு வந்து ஆடினார்கள். இந்த ஏற்பாட்டில் பேஸ்பால் வீரர் ஒருவருக்குச் சீசன் முடிந்த மறுவாரம் வேலை காத்திருக்கும். அதற்கும் முன்பே, பிட்சர் கிறிஸ்டி மேத்யூசன் போன்றவர்கள் இப்படி ஆடியிருக்கிறார்கள்.

1915 இலையுதிர் காலத்தில் ஒஹாயோவின் கேன்டன் ஊர் அணியை நடத்திய ஜாக் கியூசாக், ஆட்டத்துக்கு 250 டாலர் என்று தோர்ப்பை அழைத்தார். ஃபோர்டு ஆலையின் நாள்கூலி ஐந்து டாலர் என்பதே அப்போது நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. ஐம்பது நாள் கூலியை ஒரு பிற்பகலுக்குக் கொடுத்தால் திவாலாகிவிடுவாய் என்று கியூசாக்கை அவருக்கு வேண்டியவர்கள் எச்சரித்தார்கள். அதுவரை ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்த மைதானத்துக்கு ஆறாயிரம், எட்டாயிரம் என்று கூட்டம் வந்தது.

எதிரணி பக்கத்து ஊர் மாஸிலன். கேன்டனுக்கும் மாஸிலனுக்கும் இடையே இருந்தது ஜென்மப் பகை. முதல் ஆட்டத்தில் மாஸிலன் 16-0 என வென்றது. இரண்டு வாரம் கழித்துக் கேன்டனில் நடந்த அடுத்த ஆட்டத்தில் தோர்ப் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, ஒவ்வொன்றும் மூன்று புள்ளி தரும் இரண்டு ஃபீல்டு கோல் அடிக்க, கேன்டன் 6-0 என முன்னிலை. கூட்டம் வழிந்து, கோல் எல்லைக்குப் பின்னால் உள்ள எண்ட் சோனுக்குள்ளேயே ஆட்கள் நின்றார்கள். ஆகவே கூட்டத்துக்குள் ஓடுபவர் பந்தோடு வெளியே வந்தால்தான் அது செல்லும் என்று இரு அணியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தன. கடைசி நிமிடங்களில் மாஸிலன் வீரர் பந்தைப் பிடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். வெளியே வந்த பந்து கேன்டன் வீரர் கையில் இருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்த சீருடைப் போலீஸ்காரர் ஒருவர் என் கையிலிருந்து பந்தை உதைத்துவிட்டார் என்று அந்த மாஸிலன் வீரர் கத்தினார். அங்கே அப்படிச் சீருடை போட்ட போலீஸ்காரரே இல்லை. நடுவர்கள் தீர்ப்பை உறையிலிட்டு ஒட்டி, நள்ளிரவுக்குப் பிறகு ஊர் ஓட்டலில் படிக்கச் செய்தார்கள். தீர்ப்பு கேன்டனுக்குச் சாதகம். சுமார் பத்தாண்டுகள் கழித்து டிராம் வண்டி நடத்துநர் ஒருவர், உதைத்தது நான்தான், கேன்டன் மேல் பந்தயம் கட்டியிருந்தேன் என்று தன்னிடம் ஒப்புக்கொண்டதாகக் கியூசாக் பின்னாளில் எழுதினார். அவர் போட்டிருந்த சீருடையில்தான் பித்தளைப் பொத்தான் இருந்தது.

தோர்ப் ஆடிய ஃபுட்பால் இன்று தொலைக்காட்சியில் வருவது போன்றதில்லை. தாக்குபவரும் தடுப்பவரும் அதே பதினொரு பேர். மெல்லிய தோல் தலைக்கவசம், அதையும் எல்லோரும் போடுவதில்லை. பந்து இன்றையதைவிடக் குண்டாக இருக்கும். அதனால் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கிக் சாத்தியமாக இருந்தது. தோர்ப் ஓடுவார், பாஸ் கொடுப்பார், தடுப்பார், கையிலிருந்து விட்ட பந்தைத் தரையில் படுமுன் உதைத்து நெடுந்தூரம் பன்ட் அடிப்பார், டிராப் கிக்கும் அடிப்பார். இடைவேளையில் மைதானத்தின் நடுவில் நின்று ஒரு பக்கக் கோல் கம்பத்தின் மேல் ஒரு பந்தையும், திரும்பி மறுபக்கக் கம்பத்தின் மேல் இன்னொரு பந்தையும் உதைத்துக் காட்டுவார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் தலைமையில் கேன்டன் 1916-லும் 1919-லும் ஒரு தோல்விகூட இல்லாமல் சீசனை முடித்தது.

1916 கோடையில் மெக்ரா அவரை மில்வாக்கிக்கு, கீழ்நிலையான மைனர் லீக்குக்கு அனுப்பினார். பலர் இதை இறக்கம் என்று எழுதுவார்கள். எனக்கு அது அவருக்குக் கிடைத்த முதல் நல்ல காரியமாகத் தோன்றுகிறது. அங்கேதான் தினமும் ஆடினார், பிட்சர் வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் உத்தியில் 48 பேஸ்களைத் திருடி அந்த லீக்கில் முதலிடம் பிடித்தார். 1917-ல் சின்சினாட்டி ரெட்ஸுக்குப் போனார். அங்கே மேலாளர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே மேத்யூசன். மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் பக்கத்தில் நின்றவர் கிரீஸி நீல். அந்த ஆண்டு கோடையில் ரெட்ஸிலும் குளிரில் கேன்டனிலும் தோர்ப்பும் நீலும் சேர்ந்தே ஆடினார்கள். இந்த நீல்தான் பிற்காலத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பயிற்சியாளராக 1948, 1949 பட்டங்களை வென்றவர்.

1917 மே 2, சிகாகோ. பேஸ்பால் வரலாறு படித்தவர்கள் இந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். ரெட்ஸின் ஃபிரெட் டோனியும் கப்ஸின் ஹிப்போ வானும் எதிரெதிரே வீசினார்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, இரு பக்கமும் ஒருவர்கூட ஒரு ஹிட் அடிக்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் ரெட்ஸின் லாரி காஃப் ஒரு ஹிட் அடித்தார். அடுத்து உயரே போன ஒரு பந்தைக் கப்ஸ் வீரர் நழுவவிட, காஃப் மூன்றாவது பேஸுக்குப் போய்விட்டார். மட்டைக்கு வந்தவர் தோர்ப். அவர் மட்டையை வீசியதில் பந்து மட்டையில் பட்டும் படாமலும் பிட்சர் பக்கம் உருண்டது. முதல் பேஸுக்கு எறிந்தால் தோர்ப்பின் ஓட்டத்தை முந்த முடியாது என்று வான் கணித்து, ஓடுபவர் வந்து சேர்ந்தால் ரன் ஆகும் ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். கேட்சர் அதை எதிர்பார்க்கவில்லை, பந்து அவர் மேல் பட்டு விழுந்தது, காஃப் உள்ளே வந்துவிட்டார். 1-0. டோனி பத்து இன்னிங்ஸும் ஹிட் கொடுக்காமல் முடித்தார். அந்த ஆட்டத்தின் ஒரே ரன் தோர்ப் அடித்துக் கொடுத்தது. அதைக் கொடுத்தது அவருடைய மட்டை மட்டுமில்லை, வானைப் பயமுறுத்திய கால்களும்தான்.

அந்த ஆண்டு அவர் 103 ஆட்டம் ஆடினார். சராசரி .237, சுமார்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆகஸ்டில் ஜயண்ட்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. இரு லீக் வெற்றியாளர்களும் மோதும் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ரைட் ஃபீல்டர், அதாவது அவுட்ஃபீல்டின் வலப்பக்கத்தில் நிற்பவர், என்று அவர் பெயர் பட்டியலில் இருந்தது. எதிரணியின் இடக்கைப் பிட்சரை வலக்கை மட்டையாளர் எளிதாக அடிப்பார் என்ற கணக்கில் மெக்ரா போட்ட பட்டியல் அது. முதல் இன்னிங்ஸிலேயே அந்தப் பிட்சரை மாற்றி வலக்கைக்காரரைக் கொண்டுவந்தார்கள். தோர்ப்பின் முறை வரும்போது மெக்ரா அவரை எடுத்துவிட்டு வேறொருவரை அனுப்பினார். உலகத் தொடரில் ஆடியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளவில்லை, ஒரு நிமிடம்கூடக் களத்தில் நிற்கவில்லை.

1918-ல் அவருடைய சிறு மகன் இறந்துபோனான். அந்த ஆண்டு சராசரி .248. 1919-ல் பாஸ்டன் பிரேவ்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே 60 ஆட்டங்களில் .327. இதுதான் நான் முதலில் சொன்ன ஆண்டு. மொத்தத்தில் 289 ஆட்டம், 698 முறை மட்டை, 176 ஹிட், சராசரி .252, ஏழு ஹோம் ரன். லீக்கின் நடுத்தர ஆட்டக்காரரின் கணக்கு இது. அடுத்த இரண்டு ஆண்டுகள் மைனர் லீக்கில், ஆக்ரனிலும் டொலிடோவிலும் .350-ஐத் தாண்டி அடித்தார். வளைபந்து தெரியாதவரால் அப்படி அடிக்க முடியாது. ஆனால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது, மேஜர் லீக் திரும்பக் கூப்பிடவில்லை.

1920 செப்டம்பர் 17 அன்று கேன்டனில் ரால்ஃப் ஹே என்ற கார் வியாபாரியின் ஷோரூமில் அணி உரிமையாளர்கள் கூடினார்கள். நாற்காலி போதாமல் கார்களின் ஃபுட்போர்டில் உட்கார்ந்து பேசினார்களாம். அன்று உருவான சங்கம்தான் இன்றைய தேசிய ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். முதல் தலைவராக ஜிம் தோர்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் தெரிந்தவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பெயர் இருந்தால் பத்திரிகை கவனிக்கும் என்பதற்காக. ஓராண்டில் ஜோ கார் என்ற நிர்வாகி பொறுப்பேற்றார். ஆனாலும் யாரும் பொருட்படுத்தாத ஒரு தொழிலுக்கு மதிப்புத் தேடித்தர அன்று நாட்டில் வேறு பெயர் இருக்கவில்லை.

1922-ல் வால்டர் லிங்கோ என்ற நாய் வியாபாரி, லாரூ என்ற ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரின் பெயரில் ஊராங் இந்தியன்ஸ் என்ற அணி தொடங்கினார். வீரர்கள் அனைவரும் பூர்வகுடியினர், தோர்ப் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும். தன் ஏர்டேல் நாய்களுக்கு விளம்பரம் தேடுவதே லிங்கோவின் நோக்கம். இடைவேளையில் நாய் வித்தையும் ‘இந்தியர்’ வேடிக்கையும் நடக்கும், வீரர்களே அதில் பங்கேற்க வேண்டும். இரண்டு சீசனில் 20 ஆட்டம், வெற்றி நான்கு. ஜோ கயன் போன்ற முதல்தர வீரர்கள் இருந்த அணி அது. இடைவேளையில் ஓய்வெடுக்க வேண்டியவர்களை வேடிக்கை காட்ட வைத்தால் பிற்பாதியில் கால் எப்படி ஓடும்? இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1923 நவம்பரில் சேற்று மைதானத்தில் சிகாகோ பேர்ஸுடன் ஆடும்போது கோல் எல்லைக்கு அருகே தோர்ப் கையிலிருந்து பந்து நழுவியது. அதை எடுத்துக்கொண்டு 98 கெஜம் ஓடி மறுபக்கக் கோல் எல்லையைத் தாண்டி டச்டவுன் போட்டவர் பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸ், தோர்ப் பின்னாலேயே துரத்த. அந்தச் சாதனை 1972 வரை நின்றது.

இந்த ஹாலஸும் இரண்டு ஆட்டக்காரர்தான். 1919-ல் நியூயார்க் யாங்கீஸுக்காக 12 பேஸ்பால் ஆட்டம் ஆடி, 22 முறை மட்டை பிடித்து இரண்டு ஹிட் மட்டுமே அடித்தவர். ஷோரூம் கூட்டத்துக்கும் வந்திருந்தார். பேஸ்பாலை விட்டுவிட்டு ஃபுட்பால் அணி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார். தோர்ப்பிடம் இருந்தது கால்களும் பெயரும் மட்டும். அணி எதுவும் அவருக்குச் சொந்தமாகவில்லை. ராக் ஐலண்ட், பிறகு 1925-ல் புதிதாகத் தொடங்கிய நியூயார்க் ஜயண்ட்ஸ் ஃபுட்பால் அணி, மீண்டும் கேன்டன் என்று கூலிக்கு ஊர் ஊராகப் போனார்.

கடைசி ஆட்டம் 1928 நவம்பர் 29, சிகாகோ கார்டினல்ஸுக்காக. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. எதிரணி ஹாலஸின் பேர்ஸ். கார்டினல்ஸ் 34-0 என்று தோற்றது.